லென்ஸ் என் தேர்வு

நம் வீடுகளில் கேமரா இருந்தால் அது அண்ணனுடையது அல்லது கணவருடையது. நாம் அதன் முன்னால் நிற்பவர்கள். ஒரு பெண் தன் சம்பளத்தில் கேமரா வாங்கப்போகிறேன் என்றால், "போன்லயே எடுக்கலாமே?" என்பார்கள். அடுத்து, "அந்தக் காசுக்குத் தங்கம் எடுத்து வை." கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்டு வேலை பார்க்கும் நானும் இரண்டையும் கேட்டேன். தம்பி பைக்குக்குச் செலவழித்தபோது யாரும் தங்கத்தை நினைக்கவில்லை. ஆணின் பொழுதுபோக்கு ஆர்வம், பெண்ணுடையது வீண்செலவு.

கடையில் விலை கேட்டது நான். பதில் போனது துணைக்கு வந்த தம்பிக்கு. "லேடீஸுக்கு இது போதும், வெயிட் இல்ல" என்று லென்ஸ் கழற்ற முடியாத சின்னக் கேமராவை எடுத்துவைத்தார்கள். ஒரு கிலோவுக்கும் குறைவான கேமரா நமக்குக் கனமாம்! நிறைகுடம் கனமில்லை, எட்டு மணி நேரம் நின்றே வேலை பார்ப்பதும் கனமில்லை. சின்னக் கேமராவில் குறையொன்றுமில்லை. எனக்கு அது போதுமா என்பதை அவர்கள் முடிவு செய்வதுதான் குறை.

இந்த முடிவை ஏன் விட்டுக்கொடுக்கக் கூடாது? கேமரா வாங்கும்போது ஒரு பொருளை மட்டும் வாங்குவதில்லை. ஒரு மவுண்ட்டை, அதாவது லென்ஸ் மாட்டும் வாயை, வாங்குகிறோம். இனி வாங்கும் லென்ஸ்களை அதுவே தீர்மானிக்கும். கேனன் 1987இல் ஈஎஃப் மவுண்ட்டையும் 2018இல் ஆர்எஃப் மவுண்ட்டையும் கொண்டுவந்தது. பழைய ஈஎஃப் லென்ஸை அடாப்டர் போட்டு ஆர்எஃப் கேமராவில் மாட்டலாம். ஆர்எஃப் லென்ஸை ஈஎஃப் கேமராவில் மாட்ட முடியாது. நிக்கான் டி3500இல் 50 மி.மீ. 1.8டி லென்ஸ் பொருந்தும், ஆனால் தானாக ஃபோகஸ் ஆகாது. 1.8ஜி லென்ஸ் ஆகும். ஓர் எழுத்துதான் வித்தியாசம். "பொருந்துமா?" என்று மட்டும் கேட்டால் "பொருந்தும்" என்பார்கள். "தானாக ஃபோகஸ் ஆகுமா?" என்றும் கேளுங்கள்.

எந்த லென்ஸ் என்பது எதைப் பார்க்க ஆசைப்படுகிறோம் என்பதைப் பொறுத்தது. அதைக் கடைக்காரர் எப்படிச் சொல்வார்? பழவேற்காட்டில் பூநாரைகள் தூரத்தில் நிற்கும். அதற்கு 300 மி.மீ.யாவது வேண்டும். ஏபிஎஸ்-சி சென்சாரில் அது ஃபுல் ஃப்ரேமில் 450 மி.மீ. தரும் அளவுக்கு நெருங்கிக் காட்டும். எனக்கோ ஷிப்டு விட்டு மங்கிய வெளிச்சத்தில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் தோழிகளின் முகங்கள் வேண்டும். கேமராவோடு வரும் 18-55 லென்ஸ் 55 மி.மீ.யில் எஃப்/5.6 வரைதான் திறக்கும். எஃப்/1.8 லென்ஸ் அதைவிட ஏறத்தாழ 10 மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். ஆகவே பழைய கேமரா ஒன்றும் நல்ல 50 மி.மீ. லென்ஸ் ஒன்றும் எனக்குப் போதும். கேமரா சீக்கிரம் பழசாகும். லென்ஸ் அடுத்த கேமராவுக்கும் கூட வரும்.

இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர் ஹோமாய் வியாரவாலாவின் தொடக்ககாலப் படங்கள் அவர் கணவரின் பெயரில்தான் வெளிவந்தன. பத்ம விபூஷண் கிடைத்தது 2011இல், தொண்ணூறு வயதைத் தாண்டிய பிறகு. அன்று படத்தின் கீழ் கணவர் பெயர். இன்று பில்லில் அண்ணன் பெயர், தேர்வில் கடைக்காரர் சொல், கேமரா பையில் வீட்டாரின் பூட்டு.

"பொண்ணு கேமராவோட தனியா சுத்தினா ஊர் என்ன சொல்லும்?" என்பார்கள். ஊர் நம்மைப் பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறது. நாம் திரும்பிப் பார்ப்பதுதான் அதற்குப் புதிது. தோழி, பில்லில் உன் பெயரை எழுதச் சொல். மவுண்ட் எதுவென்று நீயே கேள். கையில் பிடித்துப் பார்த்து, உன் கைக்கு எது இதமோ அதை எடு. தம்பி வேண்டுமானால் பையைத் தூக்கிக்கொண்டு வரட்டும்.