ஒஸ்ரினில கழட்டின எஞ்சினை என்ன செய்யப் போறியள்?

பழைய ஒஸ்ரின், மொறிஸ் மைனருக்கு ஜப்பான் எஞ்சின் பூட்டுறதுதான் எங்கட பெடியள் கனபேரின்ர கனவு. பிழையில்லை, ஏ9இல லொறிக்குப் பின்னால இழுபடத் தேவையில்லை. ஆனா கழட்டினதைப் பழைய இரும்புக்குப் போடாதேங்கோ.

பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னிக்குள் பெற்றோல் மருந்து மாதிரி. துளி பெற்றோலில் ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாத்தி ஓடினார்கள். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. அமுக்க விகிதம் குறைந்த பழைய எஞ்சின் என்றபடியால்தான் அந்த எண்ணெயைத் தாங்கியது. நீங்கள் பூட்டப்போறது தாங்காது. 2022இல பெற்றோல் வரிசையில நிண்டவைக்கு இது விளங்கும்.

கழட்டினதுக்குக் கிறீஸ் பூசி, சாக்கால மூடி, கராஜ் மூலையில வையுங்கோ. பதிவுப் புத்தகத்தில எஞ்சின் இலக்கத்தையும் மாத்துங்கோ. கனபேர் அதை மறந்துபோயினம்.