விருந்தினன் குரலும் வீட்டார் உரிமையும்

கண்பார்வையற்ற நண்பரொருவர் நூலகத்திலே கணிப்பொறியின்முன் அமர்ந்து, திரைவாசிப்பான் படிக்கத் தாம் செவியாற் கற்றுக்கொண்டிருந்ததை நாம் கண்டோம். அவர் திறந்த பக்கத்தின் மூலையிலிருந்து யாரும் அழையாத விளம்பரமொன்று திடீரெனப் பாடத் தொடங்கிற்று. படிக்குங்குரல் அதனுள் மூழ்கிற்று. அப்பாட்டை அடக்கும் பொத்தான் எங்குளதென அறிதற்கும் அவர்க்கு அக்குரலே வேண்டும், அதுவோ கேட்கவில்லை. கண்ணுடையார்க்குச் சிறு தொல்லையாவது கண்ணிலார்க்குக் கல்வித் தடையாதலை நாம் அன்று உணர்ந்தோம்.

அவ்விளம்பரம் அப்பக்கத்தார் இயற்றியதன்று. இக்கால வலைப்பக்கம் விருந்தினர் பலர் தங்கும் வீடு போல்வது. விளம்பரம், விளையாட்டு, இசைக்கருவி எனப் பிறர் எழுதிய நிரல்கள் அதனுள் வந்து தங்குகின்றன. அவற்றை ஐஃபிரேம், சாண்ட்பாக்ஸ் முதலிய அடைப்புக்களுள் உலாவி நிறுத்துகின்றது. அவ்வடைப்பினுள் இருக்கும் நிரலுக்கு ஒலியுரிமை எவ்வளவு தரத்தகும் என்பதே ஈண்டு நம் ஆராய்ச்சி.

‘ஒலிதானே, அதனால் விளையும் கேடு யாது?’ எனச் சிலர் வினவலாம். இரைச்சல் வெளிப்படையான கேடு; மறைந்த கேடுகள் வேறு இரண்டு உள. ஓர் ஒலிக்கோப்பை இசைக்க, அஃது இருக்கும் முகவரியை உலாவி நாடவேண்டும். வஞ்சக நிரல் தான் கண்ட மறைச்செய்தியை அம்முகவரியின் வாலிலே ஒட்டிவிடின், பாட்டுக் கொணரச் சென்ற தூதன் வீட்டு இரகசியத்தையும் சுமந்து செல்வான். மற்றொன்று இதனினும் நுண்ணியது. வெப் ஆடியோ என்னும் கருவித்தொகுதி ஒலியைக் கணக்கிட்டே உண்டாக்க வல்லது. செவிக்கு எட்டாதபடி ஓர் ஒலியை உண்டாக்கி அதன் எண்களைக் கூட்டின், கணிப்பொறியும் உலாவியும் மாறுந்தோறும் விடை சிறிது வேறுபடும். அவ்வேறுபாட்டையே கைரேகைபோற் கொண்டு ஒருவரைப் பின்தொடரலாம். 2016-ஆம் ஆண்டிற் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் பத்து இலட்சம் தளங்களை ஆராய்ந்து, இம்முறை வழக்கிலிருத்தலை வெளியிட்டனர். இது ஒலிவாங்கியைத் தொடாமலே நிகழ்வது. ஆகலின் நம் இசைவைக் கேட்பாருமிலர்.

அங்ஙனமாயின் ஒலியை முற்றும் அடைத்துவிடலாமோ எனின், அதுவும் முறையன்று. 2018 ஏப்ரலில் வெளிவந்த குரோம் 66, பயனர் தொடாத பக்கங்களின் ஒலியை அடக்கிற்று. நோக்கம் நன்றே. ஆயினும் குற்றமற்ற வலைவிளையாட்டுக்களும் இசைப்படைப்புக்களும் பல ஊமையாயின. இயற்றியோர் முறையிடவே, மே மாதத்தில் வெப் ஆடியோவுக்கு மட்டும் அவ்விதி தளர்த்தப்பட்டது. பின்னர்த் திருத்தம் பெற்று டிசம்பரிற் குரோம் 71-இல் மீண்டது. கள்வனுக்கு அஞ்சிப் பாணனையும் வாயிலில் நிறுத்தியதன் பயன் இது.

ஆகவே அளந்து கொடுத்தலே தக்கது என்பது நம் துணிபு. விருந்தினனுக்கு அறையின் சாவி போதும், சாவிக்கொத்து வேண்டா. கூகிள் நிறுவனத்தார் 2021 வரை பேணிய காஹா என்னும் அடைப்பு இந்நெறியதே: அயல்நிரல் எம்முகவரியை நாடலாம் என்பதை வீட்டுப்பக்கமே தீர்மானிக்கும். ஒலிக்கும் இதனையே விதியாக்குக. ‘இசை’, ‘நிறுத்து’ என்னும் சிறு கட்டளைகளே போதுமான நிரலுக்கு வெப் ஆடியோ முழுவதையும் ஏன் தரவேண்டும்? முகவரியை வீட்டார் தெரிக. ஒலியளவுக்கு ஓர் எல்லை வைக்க. இசைக்கருவிபோல் முழுத்தொகுதியும் வேண்டும் நிரலுக்கு அதனை ஆராய்ந்து நல்குக. ஒலிவாங்கியோ, பெயர்சொல்லி அளித்தாலன்றி எவ்வாற்றானும் கிட்டலாகாது.

இவை யாவற்றினும் தலையாயது, பயனர் கை படும்வரை மௌனம். தானே தொடங்கும் ஒலி 3 வினாடிக்கு மேல் நீடிப்பின், அதனை நிறுத்தவோ தனியே குறைக்கவோ வழி இருத்தல் வேண்டுமென வலை அணுகுதன்மை நெறிமுறைகள் விதிக்கின்றன. நம் நண்பர்க்கு அம்மூன்று வினாடியும் மிகையே.

இக்கல்லூரியிற் பயின்று வலைப்பக்கம் இயற்றும் தொழிலிற் புகுந்தோர் பலர், புகவிருப்போரும் பலர். அவர்க்கு நாம் கூறுவது ஒன்றே: பிறர் நிரலுக்கு உங்கள் பக்கத்தில் இடங்கொடுக்கும்பொழுது, அப்பக்கத்தைச் செவியாற் படிக்கும் ஒருவரை நினைமின். விருந்தினன் குரல் அவர் குரலை விழுங்காதாயின், அவ்வீடு நல்வீடே.