வீட்டுத்தோட்டம்: ஓர் அந்தூரியத்தைப் பலவாக்குவோம்

அந்தூரியம் நம் நாட்டுச் செடியல்ல. தென்னமெரிக்காவின் கொலம்பியா, ஈக்குவடோர் மழைக்காடுகளிலிருந்து வந்தது. இதை மனதில் வைத்திருந்தால் அதன் தேவைகள் விளங்கிவிடும்: நிழல், ஈரப்பதன், வேருக்குக் காற்று. வெறும் மண்ணில் இறுக்கி நட்டால் வேர் அழுகிவிடும்.

நிறையக் கன்றுகள் வாங்க வேண்டியதில்லை. நல்ல தாய்ச்செடி ஒன்று போதும். வயதாக வயதாக அதன் அடியிலைகள் உதிர்ந்து, தண்டு நீண்டு சாயும். பலர் 'கிழடாகிவிட்டது' என்று பிடுங்கி எறிகிறார்கள். கன்று எடுக்க ஏற்றதே அதுதான். தண்டின் கணுக்களில் தடித்த வேர்கள் வெளியே தெரியும். இரண்டு மூன்று வேர்கள் சேரும்படி நுனித்துண்டை வெட்டி, வெட்டுவாயை ஒரு நாள் நிழலில் உலரவிட்டு நடுங்கள். கத்தியை முதலில் நெருப்பில் காட்டி ஆறவிடுங்கள். பக்றீரியா நோய் கத்தி வழியாகவும் மற்றச் செடிக்குப் பரவும். எஞ்சிய அடிக்கட்டையை எறியாதீர்கள், அதில் பக்கமுளைகள் வரும். இரண்டு மூன்று இலையும் சொந்த வேரும் விட்டபின் அவற்றைப் பிரிக்கலாம். விதையிலும் முளைக்கும், ஆனால் பூக்க மூன்று வருடமளவு செல்லும். பூவும் தாயைப் போல இராது.

சாடிக்குப் பொச்சுமட்டைத் துண்டு, செங்கல் துண்டு, சிரட்டைக்கரி போதும். (மீள்குடியேறிய காணிகளில் உடைந்த செங்கல்லுக்கா பஞ்சம்!) பொச்சில் உப்பும் சாயமும் உண்டு. ஒரு வாரம் ஊறவிட்டு, நீரை இரண்டு மூன்று தடவை மாற்றுங்கள். உவர்க்கிணற்று நீரால் இலைநுனி கருகும். மாரியில் மழைநீரைப் பரலில் பிடித்து, நுளம்பு புகாமல் மூடி வையுங்கள். கிடுகுப் பந்தலோ மாமர நிழலோ போதும், மத்தியான வெயில் மட்டும் நேரே படக்கூடாது.

இதன் சாறு பட்டால் தோல் கடிக்கும், வாயில் வைத்தால் நாக்கும் தொண்டையும் எரியும். பிள்ளைகளுக்கும் ஆடுகளுக்கும் எட்டாமல் வையுங்கள்.

நாம் பூ என்பது உண்மையில் நிறம் மாறிய இலை. பூக்கள் நடுவிலுள்ள கதிரில் இருக்கின்றன. கதிர் பாதிக்கு மேல் சொரசொரப்பானபின் வெட்டினால் தண்ணீரில் இரண்டு வாரமளவு வாடாது. கோயில், தேவாலயம், கல்யாண வீடு எங்கும் கேட்பார்கள்.

இதற்காக நுண்கடன் எடுக்க வேண்டாம். தவணைக்காரர் வாராவாரம் வருவார், அந்தூரியம் தன்பாட்டில்தான் பூக்கும். பத்துச் சாடியாகும்வரை வீட்டுச் செலவை அதில் நம்பாதீர்கள். தொடக்கத்தில் பூவைவிட, வேர்விட்ட கன்றைச் சாடியோடு விற்பதே இலாபம் என்பது என் எண்ணம். தாய்ச்செடியை மட்டும், யார் எவ்வளவு தருவதாகச் சொன்னாலும் கொடுத்துவிடாதீர்கள்.