சிப்பி காப்பி அடிக்காது

ரெக்கார்ட் நோட்டை நீங்க எப்போ எழுதுவீங்க? நான் சப்மிஷனுக்கு முதல் நாள் ராத்திரிதான். சீனியர் நோட்டைப் பக்கத்துல வச்சு, அவர் எடுத்த ரீடிங்கையே கொஞ்சம் மாத்திப் போட்டுடுவேன்.

போன லீவுல ஒரு சாயப்பட்டறைக்கு இன்டர்ன்ஷிப் போனேன். ஈ.டி.பி. லாக் புக்கைக் கையில கொடுத்து, "தம்பி, ஒரு வாரம் விட்டுப்போச்சு. பிஹெச், டிடிஎஸ் எல்லாம் முன்னாடி இருக்கற மாதிரியே போட்டுருங்க" என்றார்கள். போட்டேன். கை நடுங்கவே இல்லை. நாலு வருஷப் பழக்கம்!

அந்த வாரம்தான் ராட்சதச் சிப்பி பற்றிப் படித்தேன். பெயர் டிரைடாக்னா ஜைகாஸ். பவளப்பாறைகளில் வாழும், ஒரு மீட்டருக்கு மேல் வளரும், எடை 200 கிலோவைத் தாண்டும். இதோட சொந்தக்காரச் சிப்பிகள் நம்ம லட்சத்தீவிலும் அந்தமானிலும் இருக்கு. ஓட்டுக்குள்ளே தினமும் ஒரு மெல்லிய கோடு சேரும். ஓட்டில் இருக்கும் ஆக்சிஜன் ஐசோடோப்பு விகிதம் கடலோட சூட்டுக்கு ஏத்தபடி மாறும்.

பப்புவா நியூ கினியாவின் ஹூவான் தீபகற்பத்தில், கடலிலிருந்து மேலே எழும்பிய பழைய பவளப்பாறைகள் படிக்கட்டு மாதிரி நிற்கின்றன. அதில் கிடைத்த இதே சிப்பியின் பழைய ஓடுகளை வைத்து, சுமார் ஒரு லட்சம் வருஷக் கடலின் கதையைப் படித்திருக்கிறார்கள். இந்த இனம் இன்னிக்கும் உயிரோடு இருப்பதால், புது ஓட்டை இன்றைய கடலோடு ஒப்பிட்டு, பழையதைப் படிக்கலாம். நம்ம பாஷையில் காலிப்ரேஷன். ஓமனில் கிடைத்த, 7 கோடி வருஷத்துக்கு முந்தைய வேறொரு சிப்பியின் கோடுகளை எண்ணி, அப்போ வருஷத்துக்கு 372 நாள் என்று 2020-ல் சொன்னார்கள். ஒரு வாரம் விட்டுப்போயிருந்தா இந்தக் கணக்கு வந்திருக்குமா?

நொய்யலோட ரெக்கார்டை எழுதுறது நாமதான். 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது அப்பா வேலையில்லாம வீட்டில் உட்கார்ந்திருந்தது எனக்கு ஞாபகம் இருக்கு. "ஒரு வார ரீடிங்தானே, என்ன ஆகிடும்?" என்று கேட்கலாம். பொய் நம்பர் ஆத்தையும் காப்பாத்தாது, வேலையையும் காப்பாத்தாது. பிரச்சினை பெருசாகி வாசலுக்கு வரும்வரை அதை மறைச்சு மட்டும் வைக்கும்.

இந்த செமஸ்டர் ரெக்கார்டில், எடுக்காத ரீடிங்குக்குக் கட்டத்தைக் காலியா விட்டேன். மார்க் போச்சு, பரவாயில்லை. ஆனா அந்த லாக் புக்கில் என் கையெழுத்தில் ஏழு வரி இன்னும் இருக்கு.