மார்ஷல் பெத்தேனின் கைத்திருத்தம்

மாலை நடை முடிந்து, கடற்கரைச் சாலையில் பிரெஞ்சுப் போர் நினைவுச் சின்னத்துக்கு எதிரே உட்கார்ந்து பேசுவது எங்கள் வழக்கம். போன வாரம் நண்பர் ஒருவர் ஆரம்பித்தார்: "வெர்தனில் பிரான்சைக் காப்பாற்றிய பெத்தேனை 89 வயதில் கூண்டில் ஏற்றினார்களே, நியாயமா?"

எங்கள் பள்ளி நாட்களில் வெர்தன் பாடம் உண்டு. 1916இல் அங்கே ஜெர்மானியரைத் தடுத்த தளபதி அவர்தான். படைகளை முறை வைத்து மாற்றினார். சிப்பாயின் சோறும் ஓய்வும் அவருக்கு முக்கியம். இதை நானும் மறுக்கவில்லை.

ஆனால் 1940? ஹிட்லரோடு மோந்துவாரில் கை குலுக்கினார். அதே அக்டோபரில், யூதர்களை அரசுப் பணியிலிருந்து விலக்கும் சட்டம் அவர் பெயரில் வந்தது. பள்ளி ஆசிரியர், என்னைப்போல் எழுத்தர் என்று எத்தனை பேர் ஒரே நாளில் வேலைக்கு லாயக்கற்றவர் ஆனார்கள்!

"கிழவருக்கு என்ன தெரியும்? சுற்றியிருந்தவர்கள் நீட்டினார்கள், கையெழுத்திட்டார்" என்றார் நண்பர்.

ஐயா, நான் கோப்புகளோடு காலம் தள்ளியவன். படிக்காமல் கையெழுத்திடும் அதிகாரிகளைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் ஓரத்தில் திருத்தம் எழுதமாட்டார்கள். அந்தச் சட்டத்தின் வரைவை 2010இல் செர்ழ் க்லார்ஸ்ஃபெல்ட் வெளியிட்டார். 1860க்கு முன்பே பிரெஞ்சுக் குடிமக்களாக இருந்த யூதர்களின் சந்ததிக்கு விலக்கு என்றிருந்த வரி அதில் அடிக்கப்பட்டிருக்கிறது. அடித்த கை பெத்தேனுடையது என்றார் அவர். ஏமாந்த கிழவர் விலக்கைத் தேடிப்பிடித்து அடிப்பாரா?

1942 ஜூலையில் பாரிசில் சுமார் 13,000 யூதர்களைப் பிடித்தது பிரெஞ்சுப் போலீஸ். அதில் நாலாயிரத்துக்கும் மேல் குழந்தைகள். வெர்தனில் அவர் கீழ் போரிட்டவர்களில் யூதர்களும் இருந்தார்கள் என்பதை மறக்க வேண்டாம்.

வயதுக்குக் கருணை காட்டவில்லை என்பதும் தவறு. மரண தண்டனை விதித்த நீதிமன்றமே அதை நிறைவேற்ற வேண்டாம் என்றது. தெ கோல் ஆயுள் தண்டனையாகக் குறைத்தார். 95 வயது வரை வாழ்ந்து, 1951இல் இயூ தீவில் இயற்கையாகவே இறந்தார்.

முன்பு செய்த நல்ல சேவை, பின்னால் செய்த குற்றத்துக்கு முன்பணம் ஆகாது. வெர்தன் பெருமை வேண்டுமென்றால் அங்கே மாண்ட சொல்தாக்களுக்குக் கொடுப்போம். அவர்கள் யாரையும் காட்டிக் கொடுக்கவில்லை.