டிடிஎஸ் பேனாவை நம்பி

கும்மிடிப்பூண்டிப் பக்கம் புதுவீடு கட்டிக் குடிபோனவர்களைத் தேடி முதலில் வருகிறவர்களில் ஆர்ஓ சுத்திகரிப்புக் கருவி விற்பவரும் ஒருவர். பையிலிருந்து இரண்டு கண்ணாடி டம்ளர்களை எடுத்து வைக்கிறார். ஒன்றில் வீட்டு போர்வெல் தண்ணீர், மற்றதில் அவர் கொண்டுவந்த ஆர்ஓ தண்ணீர். உலோகக் கம்பிகள் நீட்டிய ஒரு சின்னக் கருவியை இரண்டிலும் இறக்கி சுவிட்சைப் போடுகிறார். ஒரு நிமிடம்கூட ஆகாது. போர்வெல் தண்ணீர் பழுப்பேறி, பச்சை படர்ந்து, சாக்கடைச் சேறுபோலத் திரள்கிறது. ஆர்ஓ தண்ணீர் அப்படியே தெளிவாக நிற்கிறது. “பாருங்கக்கா, இதத்தான் புள்ளைங்களுக்குக் குடுத்துட்டிருக்கீங்க” என்கிறார். அதற்குமேல் அந்த வீட்டில் யாரும் விலை பேசுவதில்லை.

அந்தச் சேறு தண்ணீரில் இருந்ததே இல்லை. கருவியின் கம்பிகளில் ஒன்று இரும்பு. தண்ணீரில் உப்பு இருந்தால் மின்சாரம் பாயும். பாய்ந்தால் இரும்பு கரைந்து துருவாகத் திரளும். ஆர்ஓ தண்ணீரில் உப்பு அநேகமாக இல்லை, மின்சாரம் பாயவில்லை, இரும்பும் கரையவில்லை. நடந்தது இவ்வளவுதான். அந்தத் தெளிந்த டம்ளரில் ஒரு சிட்டிகை கல்லுப்பைப் போட்டுவிட்டு மறுபடி சுவிட்சைப் போடச் சொன்னால், அதிலும் அதே சேறு வரும். இது பள்ளிக்கூட வேதியியல். அதை வைத்து ஒரு தாயைப் பயமுறுத்திப் பணம் வாங்குவது மோசடி. அதை வேறு சொல்லால் மெழுக வேண்டியதில்லை.

இந்தக் காட்சியைப் பார்த்த வீடுகளில் ஒரு நம்பிக்கை ஆழமாக வேர்விட்டிருக்கிறது: டிடிஎஸ், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, எவ்வளவு குறைகிறதோ, தண்ணீர் அவ்வளவு சுத்தம். பேனா போன்ற மீட்டரைத் தண்ணீரில் நனைத்து “எங்க கேன்ல வெறும் முப்பதுதான்” என்று பெருமைப்படுகிறார்கள். கேன் போடுகிறவரும் அதே எண்ணைச் சொல்லித்தான் வாடிக்கை பிடிக்கிறார். இந்த நம்பிக்கை எவ்வளவு பிசகு என்பதைக் காட்ட, வீட்டில் காபி மெஷின் வைத்திருப்பவரின் சமையலறையைவிட நல்ல இடம் கிடையாது.

எஸ்பிரெசோ மெஷினுக்கு நேரடிக் குழாய் இணைப்பு கொடுக்க முடியாத வீடுகளில் கேனையும் ஒரு பம்பையும் வைத்துக் காரியம் பார்க்கலாம். மேடைக்குக் கீழே இருபது லிட்டர் கேன். அதற்குள் இறங்கும் குழாயின் நுனியில் ஒரு மிதவை சுவிட்ச்; கேன் காலியானால் பம்பை நிறுத்துவது அதன் வேலை. பம்ப் சின்னது, டயாஃப்ரம் வகை. மெஷினின் வால்வு திறந்ததும் குழாயில் அழுத்தம் இறங்கும், பம்ப் டுர்ரென்று ஓடும். வால்வு மூடியதும் அழுத்தம் ஏறி, இரண்டரை மூன்று பார் அளவில் தானாக நின்றுவிடும். காபித் தூளின் வழியே நீரைத் தள்ளும் ஒன்பது பார் அழுத்தத்தை மெஷினுக்குள் இருக்கும் பம்ப் தருகிறது. கேன் பம்பின் வேலை தண்ணீரைக் கொண்டுவந்து வாசலில் சேர்ப்பதோடு முடிந்தது. இவ்வளவு பாடுபட்டு அமைப்பவர் எந்தத் தண்ணீரைத் தேர்ந்தெடுப்பார்? பேனாவில் ஆகக் குறைந்த எண் காட்டும் கேனைத்தான். உப்பே இல்லாவிட்டால் மெஷினில் காரை படியாது அல்லவா?

காரை படியாது, உண்மை. ஆனால் பாய்லருக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். பல மெஷின்களில் பாய்லரின் நீர்மட்டத்தைப் பார்த்துக்கொள்வது மேலிருந்து தொங்கும் ஓர் எஃகுக் கம்பி. தண்ணீர் உயர்ந்து கம்பியைத் தொட்டதும், அதன் வழியே மிகச் சிறிய மின்னோட்டம் பாய்லர் சுவருக்குப் போகும். “நிறைந்துவிட்டது” என்று கட்டுப்பாட்டுப் பலகை புரிந்துகொண்டு வால்வை மூடும். உப்பில்லாத தண்ணீரில் அந்த மின்னோட்டம் போதிய அளவு பாய்வதில்லை. தண்ணீர் கம்பியைத் தொட்டு, மூழ்கடித்து, மேலேறினாலும் பலகைக்கு அது தெரிவதில்லை. வால்வு மூடாது, கேன் பம்ப் டுர்ர் என்று ஓடிக்கொண்டே இருக்கும். பால் நுரைக்க ஸ்டீம் குழாயைத் திறந்தால் ஆவிக்குப் பதிலாக வெந்நீர் பீய்ச்சும். மேலேயுள்ள காற்று வால்விலிருந்து தண்ணீர் சொட்டும். மெஷினோடு ஒட்டிய இரண்டு லிட்டர் தொட்டியென்றால் இழப்பு அதோடு போகும்; இங்கே பின்னால் காத்திருப்பது இருபது லிட்டர். விற்பவரின் டம்ளரில் சேறு வராமல் பார்த்துக்கொண்ட அதே இயற்பியல்தான் இங்கே சமையலறையை நனைக்கிறது.

சுவையிலும் இழப்பு உண்டு. காபித் தூளிலிருந்து சுவைப்பொருள்களை இழுத்து வருவதில் தண்ணீரில் உள்ள மெக்னீசியத்துக்கும் கால்சியத்துக்கும் பங்கு இருக்கிறது என்று இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிஸ்டோபர் ஹெண்டன் குழுவினர் 2014இல் எழுதினார்கள். பைகார்பனேட் காபியின் புளிப்பை அடக்கிச் சமன்செய்கிறது. அது மிகுந்தால் காபி சப்பென்று ஆகும், அறவே இல்லாவிட்டால் புளிப்பு நாக்கைக் கடிக்கும். காபி நிபுணர்களின் உலகச் சங்கமான ஸ்பெஷாலிட்டி காபி அசோசியேஷன் பரிந்துரைத்த டிடிஎஸ், லிட்டருக்கு 150 மில்லிகிராம். 75 முதல் 250 வரை ஏற்கலாம் என்றது. முப்பதை அது நல்ல தண்ணீராகக் கணக்கிலேயே எடுக்கவில்லை. ஊர் மாறினால் டிகாஷன் மாறுகிறது என்று நம் பாட்டிமார் சொன்னதும் இதைத்தான்.

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. டிடிஎஸ் பேனா எதையும் எடை போடுவதில்லை. தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்று பார்த்து, ஒரு குத்துமதிப்பான எண்ணால் பெருக்கிக் காட்டுகிறது. கரைந்திருப்பது எந்த உப்பு என்று அதற்குத் தெரியாது.

கும்மிடிப்பூண்டி இருக்கும் இந்த மாவட்டத்தில் அது எவ்வளவு பெரிய குறை என்பதை மீஞ்சூர் காட்டும். ஆரணியாறு, கொசஸ்தலையாற்றுப் படுகையில் மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் என்று வரிசையாகக் கிணற்று வயல்கள் அமைத்து, சென்னைக்கும் ஆலைகளுக்கும் பல பத்தாண்டுகள் நீர் இறைத்தார்கள். இறைத்த இடத்தில் கடல் புகுந்தது. 1969 வாக்கில் கரையிலிருந்து சுமார் 3 கிலோமீட்டர் வரை வந்திருந்த உப்புநீர், 1980களின் தொடக்கத்தில் 9 கிலோமீட்டர் அளவுக்கு உள்ளே வந்துவிட்டது. ஒரு காலத்தில் நல்ல தண்ணீருக்குப் பேர்போன அதே மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில்தான் 2010இல், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறனோடு திறக்கப்பட்டது.

கடல் கலந்த கிணற்றில் சோடியமும் குளோரைடும் மேலோங்கியிருக்கும். மேற்கே தள்ளி, கடல் எட்டாத ஒரு கிணற்றில் கால்சியமும் பைகார்பனேட்டும் மேலோங்கியிருக்கலாம். இரண்டையும் கொஞ்சம் சுத்திகரித்து 300க்குக் கொண்டுவந்தால் பேனா இரண்டுக்கும் ஒரே எண்ணைத்தான் காட்டும். ஆனால் முதல் தண்ணீர் எஃகு பாய்லரைப் புள்ளி புள்ளியாக அரிக்கும். இரண்டாவது வெள்ளைக் காரையாகப் படிந்து அடைக்கும். மருந்து வேறு வேறு.

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் எஃகு உருக்கும் ஆலைகளும் பழைய பேட்டரியிலிருந்து ஈயம் பிரிக்கும் ஆலைகளும் இருக்கின்றன. இத்தகைய ஊரில் குடிக்கிறவர் கேட்க வேண்டிய கேள்வி உலோகங்களைப் பற்றியது. குடிநீரில் ஈயம் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது இந்தியத் தரம் ஐஎஸ் 10500. அதைப்போலப் பத்து மடங்கு கலந்தாலும் பேனாவின் எண் ஒன்றுகூட நகராது. கிருமிகளையும் அது காட்டாது. சரியாகக் கழுவாத கேனில் கோலிஃபார்ம் நிறைந்திருந்தாலும் முப்பது முப்பதாகவே இருக்கும். அந்த முப்பதைப் பார்த்துத்தான் நம் வீடுகளில் குழந்தையின் பால்புட்டியை நிரப்புகிறார்கள்.

உப்பு ஏறிய கடலோரக் கிராமங்களுக்கு ஆர்ஓ தேவை. அதை மறுப்பது அவர்களுக்குச் செய்கிற கொடுமை. தேவையில்லாத இடத்தில் அதை ஓட்டுவதுதான் தவறு. வீட்டு ஆர்ஓ ஒரு லிட்டர் தர இரண்டு மூன்று லிட்டரைச் சாக்கடைக்கு அனுப்புகிறது. அதனால்தான் 2019 மே மாதம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், டிடிஎஸ் 500க்குக் கீழ் உள்ள இடங்களில் ஆர்ஓவைத் தடைசெய்ய விதி கொண்டுவரச் சொன்னது. கேன் நீரிலும் லிட்டருக்குக் குறைந்தது 20 மில்லிகிராம் கால்சியமும் 10 மில்லிகிராம் மெக்னீசியமும் இருக்க வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி வகுத்தது. ஆகவே முப்பது காட்டும் கேன் அந்த விதிப்படி தயாரானதா என்று சந்தேகப்படத்தான் இடமிருக்கிறது. கேன் நிரப்ப நிலத்தடி நீரை அனுமதியில்லாமல் எடுத்த ஆலைகளை, நீதிமன்ற உத்தரவுப்படி 2020 பிப்ரவரி, மார்ச்சில் மூடினார்கள். தயாரிப்பாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சென்னை கேனுக்கு அலைந்த அந்த நாள்களில், அந்தத் தண்ணீர் எந்த ஊர்க் கிணற்றிலிருந்து வருகிறது என்று கேட்டவர்கள் குறைவு.

மெஷின் வைத்திருப்பவருக்கும் இல்லாதவருக்கும் முதலில் வேண்டியது ஆய்வக அறிக்கை. குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்தில் கட்டணம் கட்டி மாதிரி கொடுத்தால் கடினத்தன்மை, காரத்தன்மை, குளோரைடு எல்லாம் தனித்தனியாக எழுதித் தருவார்கள். ஈயத்துக்குத் தனியாகச் சொல்லிப் பார்க்க வேண்டும். வீட்டில் அடிக்கடி பார்க்க, மீன் தொட்டிக் கடைகளில் கிடைக்கும் சொட்டு மருந்துப் பெட்டி போதும். சொட்டுச் சொட்டாக விட்டு, நிறம் மாறும்வரை விழுந்த சொட்டுகளை எண்ணினால் கடினத்தன்மை தெரிந்துவிடும்.

கையில் இருப்பது உப்பில்லாத கேன்தான் என்றால், உணவுத் தரப் பொட்டாசியம் பைகார்பனேட் இரண்டு கிராமை ஒரு டம்ளர் நீரில் கரைத்து, கேனில் ஊற்றிக் குலுக்கிவிட்டுப் பம்பின் குழாயை இறக்கலாம். அது கிடைக்காவிட்டால் சமையல் சோடா ஒன்றே முக்கால் கிராம். இவை இரண்டும் காரையாகப் படிவதில்லை; காபியின் புளிப்பைத் தாங்கிக்கொள்ளும் காரத்தன்மை வந்துவிடும். பேனாவை இப்போது நனைத்தால் எண் ஏறியிருக்கும், விற்பவர் முகம் சுளிப்பார். பாய்லரில் தண்ணீர் ஏறும், எஃகுக் கம்பியைத் தொடும், வால்வு மூடும், மேடைக்குக் கீழே பம்ப் நின்றுவிடும்.