விமானியின் தூக்கம், நம்ம உயிர்!

ராத்திரி பஸ்ஸில் டிரைவர் கொட்டாவி விட்டா, பக்கத்துல உட்கார்ந்து பேச்சுக் கொடுப்போம். விமானத்துல யார் கொடுப்பாங்க?

2010 மே 22, மங்களூரு விபத்து. 158 பேர் பலி. கேப்டன் வழியில் நெடுநேரம் தூங்கியிருந்தார்; இறங்காம மேலே எழுப்பச் சொல்லி துணை விமானி எச்சரித்தும் கேட்கவில்லை என்றது விசாரணை அறிக்கை.

அதனாலதான் விமானிகள் சங்கங்கள் ஓய்வு கேட்டு டெல்லி உயர் நீதிமன்றம் வரை போச்சு. சம்பள உயர்வுக்காக இல்ல, தூக்கத்துக்காக!

2024 ஜனவரியில் டிஜிசிஏ புது விதி கொண்டுவந்தது. வார ஓய்வு 36 மணி நேரத்திலிருந்து 48. இரவுப் பணியில் தரையிறக்கம் 6-லிருந்து 2. முழுசா அமலானது 2025 நவம்பர் 1-ல். தயாராக 22 மாசம் இருந்தது!

ஆனா டிசம்பரில் இண்டிகோ ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்தது. பயணிகள் ஏர்போர்ட்டில் தவிச்சாங்க. ஒன்றிய அரசு என்ன செஞ்சது? தயாராகாத அதே நிறுவனத்துக்கு இரவுப் பணி விதியில் தற்காலிக விலக்கு! விமானிகள் சங்கமான ஆல்பா இந்தியா இதைக் கண்டித்தது.

ஆள் எடுக்காதது நிர்வாகம். தூக்கத்தை இழக்கணும் விமானி. ஆபத்து யாருக்கு? சீட் பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கும் நமக்கு.

நம் கோரிக்கை ஒன்றுதான்: ஓய்வு விதியில் இனி யாருக்கும் விலக்கு கூடாது. ஆள் பத்தலைன்னா விமானத்தைக் குறைங்க, தூக்கத்தைக் குறைக்காதீங்க!

#விமானிக்கு_ஓய்வு #பயணிக்கு_பாதுகாப்பு